சென்னைக்குப் போகாமலே பத்திரிகையாளர் ஆகலாம்: மாவட்டத்தில் இருந்தபடி ஊடக வேலையில் காலூன்ற ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை தத்தளித்தபோது தெருவுக்குத் தெரு கேமரா நின்றது. சரியாக இரண்டு வாரம் கழித்து தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ரோடு அறுந்து கிடந்தது, கரண்ட் இல்லை, பல இடங்களில் டவரும் இல்லை. வெளியூர்க் கேமராக்கள் வந்து சேரும்வரை அங்கே என்ன நடக்கிறது என்று சொன்னவர்கள், ஏற்கெனவே அந்தத் தண்ணீருக்குள் குடியிருந்தவர்கள்தான்.

மாவட்டத்தில் இருந்து ஊடக வேலை பார்க்கலாமா என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த மழையைத்தான். நான் திருநெல்வேலியில் இருந்துகொண்டே இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்க்கிறேன். சம்பவத்துக்கு முந்தின நாளும் அங்கே இருந்தோம், மறுநாளும் இருப்போம் என்பதே நம் கையில் உள்ள பெரிய பலம். அதைச் சம்பளமாகவும் பெயராகவும் மாற்றத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊரில் இருப்பது வெறுமனே தங்கிப்போனதாக ஆகிவிடும். மாற்றுகிற வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தென் மாவட்டங்களைச் சேர்ந்தவை. எனக்குத் தெரிந்த மண் அது.

முதல் படி: எதற்காக இருக்கப் போகிறீர்கள்?

சில வேலைகளுக்குச் சென்னைதான் சரி. சினிமாவில் உதவி இயக்குநராக வேண்டும், டிவியில் செய்தி வாசிக்க வேண்டும், விளம்பர நிறுவனத்தில் சேர வேண்டும், தலைமைச் செயலகத்தையும் சட்டமன்றத்தையும் எழுத வேண்டும் என்றால் யோசிக்காமல் கிளம்புங்கள். அதில் ஒரு தவறும் இல்லை.

நிருபர் வேலை, கள ஆய்வுக் கட்டுரை, புகைப்படம், ஆவணப்படம், வானொலி, வட்டார யூடியூப் சேனல் ஆகியவற்றை ஊரில் இருந்து செய்யலாம். இது புதுப் பழக்கமும் இல்லை. தினத்தந்தி 1942-ல் மதுரையில்தான் பிறந்தது. தினமலர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957-ல் திருநெல்வேலிக்கு வந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939-லேயே, சென்னை நிலையம் வந்த மறுவருடமே, ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. தமிழ் ஊடகத்தின் வேர்கள் பல சென்னைக்கு வெளியேதான் இறங்கியிருக்கின்றன.

உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: “இந்த மாவட்டத்தில் எதைப் பற்றி அஞ்சு வருஷம் எழுதினாலும் எனக்குச் சலிக்காது?” பதில் உடனே வந்தால் இருங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வாடகை மிச்சம் என்பவையும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவை மட்டும் போதாது. வேலைக்கென்று ஒரு காரணம் வேண்டும்.

எந்த ஊரை மையமாக வைப்பது

சொந்தக் கிராமத்திலேயே உட்கார வேண்டும் என்பதில்லை. செய்தி பிறக்கிற அலுவலகங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 2004 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரையில் திறந்தபிறகு தென் மாவட்ட வழக்குகள் எல்லாம் அங்கே வருகின்றன. 2020-ல் சாத்தான்குளம் தந்தை, மகன் காவல் மரணத்தைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்ததும் மதுரைக் கிளைதான். நீதிமன்றச் செய்தியில் ஆர்வமிருந்தால் மதுரைக்கு மாற்று இல்லை. அங்கிருந்து கீழடியும் பக்கம்.

தொழில், விசைத்தறி, பின்னலாடை, புலம்பெயர்ந்த தொழிலாளர் என்றால் கோவை, திருப்பூர். காவிரி, நெல், கொள்முதல் நிலையம் என்றால் தஞ்சாவூர் அல்லது திருச்சி. கடலும் மீனவர்களும் என்றால் ராமேஸ்வரம், நாகப்பட்டினம், கன்னியாகுமரிக் கரை. மாவட்டத் தலைநகரில் ஒரு அறை, பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் கிராமம் என்ற தூரம் வேலைக்கு வசதியாக இருக்கும். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் எழும்பூரில் இறங்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு துறையை உங்களுடையதாக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். மாவட்ட நிருபர் என்றால் கொலை, விபத்து, கோயில் கொடை, அமைச்சர் வருகை எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். ஓடத்தான் வேண்டும், அது அன்றாடச் சோறு. ஆனால் அதை மட்டும் செய்தால் பத்து வருடம் கழித்தும் உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்தது பக்கத்தில் நிற்கிற பத்து நிருபர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அன்றாட ஓட்டத்தோடு ஒரே ஒரு துறையை வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பீடித் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் தெருவில் நடந்தால் வாசல்தோறும் பெண்கள் மடியில் முறத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். பார்க்கிறவருக்கு அது ஒரு போட்டோ. துறையாக எடுத்துக்கொண்டவருக்கு அதற்குள் நூறு கேள்விகள். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி? பீடிக்கடையில் கொடுத்த இலை ஆயிரம் பீடிக்குக் காணுமா? காணாவிட்டால் மீதி இலையை யார் காசில் வாங்குகிறார்கள்? பாஸ்புக் (வேலைக் கணக்கு எழுதும் புத்தகம்) யார் பெயரில் இருக்கிறது, சுற்றுவது யார்? வருங்கால வைப்பு நிதியில் பணம் ஏறுகிறதா? பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை வந்ததா? ராத்திரி இருமல் இருக்கிறதா?

ஒரு வருடம் இதையே கேட்டுக்கொண்டிருங்கள். பீடி பற்றிய ஒரு விதி டெல்லியில் மாறினாலும், நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தாலும், “அந்தப் பகுதியில் யாரைக் கேட்கலாம்” என்று தேடுகிற ஆசிரியருக்கு உங்கள் பெயர் கிடைக்கும். மாவட்டத்தில் இருந்து வேலை பார்க்கிறவருக்குப் பதவி உயர்வு என்பது பெரும்பாலும் அந்தப் போன் வடிவத்தில்தான் வரும்.

தாமிரபரணி மணல், பவானிச் சாயக்கழிவு, சிவகாசிப் பட்டாசு ஆலை, அரசுப் பள்ளி, மலைக்கிராம மருத்துவம், ஜல்லிக்கட்டு மாடு, உப்பளம் என்று உங்கள் ஊருக்கு எது பொருந்துமோ அதை எடுங்கள். மூன்று எடுக்காதீர்கள். ஒன்று போதும்.

திங்கட்கிழமை காலை

தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி: ஆறு மாதம், ஒரு திங்கட்கிழமைகூட விடாமல் கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். வாராவாரம் அன்றுதான் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்.

திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகம் கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது. காலை பஸ்ஸில் இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் பாலிதீன் கவர். உள்ளே மனு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பழைய மனுவுக்குக் கொடுத்த ரசீது. வெளியே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் பேசினால் அந்த வாரம் மாவட்டத்தில் எது எரிகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாசலில் போலீஸார் பையைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமை, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே அந்த வளாகத்தில் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள். நால்வருமே பிழைக்கவில்லை. அந்தக் குடும்பம் அதற்கு முன் பலமுறை மனு கொடுத்திருந்தது. அந்த மனுக்களில் ஒன்றையாவது யாராவது நின்று படித்து, வீடுவரை போய் எழுதியிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. திங்கட்கிழமையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

அங்கே போய் என்ன செய்வது? ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போல “...கோரி பொதுமக்கள் மனு அளித்தனர்” என்று நாலு வரி எழுதிவிட்டு டீக்கடைக்குப் போனவன்தான். ஒருமுறை அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு வந்திருந்தார்கள். நாலு வரி வந்தது. அடுத்த மாதமும் அதே மனுவோடு வந்த ஒரு ஆச்சி என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். “ஏ தம்பி, பேப்பர்ல போட்டுட்ட, சந்தோசம். நீ வந்து பாத்தியாய்யா?”

மறுநாள் போனேன். வாய்க்காலைத் தாண்டி, நடவு முடிந்த வயல் வழியாகத்தான் பாடை போக வேண்டும். நடவு நேரத்தில் சாவு விழுந்தால் வயல்காரரிடம் கெஞ்ச வேண்டும், மிதிபட்ட நாற்றுக்குத் துட்டு கொடுக்க வேண்டும். பாடை தூக்குகிற நாலு பேரில் முன்னால் போகிற இரண்டு பேர் வாய்க்காலில் இறங்கும்போது பிணம் சரியாமல் இருக்க அதைக் கயிற்றால் இரண்டு சுற்று அதிகமாகக் கட்டுவார்களாம். அந்தக் கயிறு எந்த மனுவிலும் இல்லை. அதைப் பார்த்து எழுதிய கட்டுரைதான் எனக்குப் பெயரோடு அச்சான முதல் முழுப் பக்கம்.

ஆகவே திங்கட்கிழமை நூறு மனுவைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செவ்வாயோ புதனோ அந்த ஊருக்குப் போங்கள். மனு ரசீது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாள் கழித்து அந்த மனு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று கேளுங்கள்.

இதோடு மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். உரத் தட்டுப்பாடு, பயிர்க் காப்பீடு, காட்டுப்பன்றி எல்லாம் அங்கேதான் முதலில் வெடிக்கும். கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்து நிருபருக்கு இவற்றில் பல விடுமுறை நாட்கள். உங்களுக்கு வேலை நாட்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது பின்வரிசையில் எழுந்து நின்று கேள்வி கேட்பவர் யார் என்று பார்த்துவையுங்கள். வருடம் முழுக்க உங்களுக்கு உதவப் போவது அவர்தான்.

காகிதம் கையில் இருக்க வேண்டும்

ஊரில் வாய்வார்த்தை நிறையக் கிடைக்கும், ஆதாரம் குறைவாகத்தான் கிடைக்கும். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அன்றாடக் கருவியாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை (கோர்ட் பீ ஸ்டாம்ப்) ஒட்டி, அந்தந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். “ஏன் ரோடு போடவில்லை” என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. “இந்த ரோட்டுக்கான மதிப்பீட்டு அறிக்கை, பணி ஆணை, அளவைப் புத்தகம், பட்டியல் தொகை வழங்கிய விவரம் ஆகியவற்றின் நகல்” என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பெயர்கள் தெரியவில்லையென்றால் ஓய்வுபெற்ற ஒரு ஓவர்சியரைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் மாலையில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருப்பார், கேட்க ஆளிருந்தால் எல்லாம் சொல்லித் தருவார். மாதம் இரண்டு மனு என்று போட்டுக்கொண்டே வாருங்கள். மூன்றாவது மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு உறை வீட்டுக்கு வரத் தொடங்கும்.

வழக்கு நிலவரத்துக்கு இ-கோர்ட்ஸ் செயலி. முதல் தகவல் அறிக்கைகளில் பெரும்பாலானவை காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் சென்னையில் இருக்கத் தேவையே இல்லை.

பணம்

இதைத்தான் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பகுதி நேர நிருபர், தாலுகா நிருபர் என்ற பெயரில் மாவட்டங்களில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு முழுச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, பெட்ரோலுக்குக்கூடக் காணாது. இந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் மற்ற எல்லாம் உள்ளே வருகிறது.

முதலாவது, கவர், அதாவது பணம் வைத்த உறை. பிரஸ் மீட் முடிந்ததும் பைலுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். முதல் நாளே “வேண்டாம் அண்ணாச்சி” என்று சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் தடவை மட்டும்தான் சங்கடம். மூன்றாவது தடவை யாரும் நீட்ட மாட்டார்கள். பக்கத்தில் வாங்குகிறவரைப் பற்றி எங்கேயும் பேசாதீர்கள். அவர் வீட்டுக் கஷ்டம் நமக்குத் தெரியாது. நம் கையை நாம் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, விளம்பரம். பல இடங்களில் நிருபரே தீபாவளி மலருக்கும் பொங்கல் மலருக்கும் விளம்பரம் பிடித்துத் தர வேண்டும், அதில் கமிஷன் உண்டு. நானும் தொடக்க காலத்தில் வேலை பார்த்த ஒரு நாளிதழுக்காக ஒரு காண்ட்ராக்டரிடம் அரைப் பக்கம் வாங்கினேன். மூன்று மாதம் கழித்து அவர் போட்ட தார் ரோடு முதல் மழையிலேயே பெயர்ந்தது. ஊர்க்காரர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன், போட்டோ எடுத்தேன், எழுதவில்லை. அந்த போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. விளம்பரம் பிடிக்கத்தான் வேண்டும் என்று வேலை கட்டாயப்படுத்தினால், நீங்கள் எழுதுகிற துறையில் உள்ள யாரிடமும் வாங்காதீர்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, பள்ளிக்கூடம் என்று தள்ளி நில்லுங்கள். கல்வி உங்கள் துறையென்றால் பள்ளிக்கூடமும் கூடாது.

அப்புறம் எப்படிச் சாப்பிடுவது? ஊடகத் திறமையிலேயே, ஆனால் செய்தியோடு ஒட்டாத ஒரு வருமானம் வேண்டும். கல்யாண வீடியோ எடிட்டிங், மொழிபெயர்ப்பு, பாடநூல் மெய்ப்புத் திருத்தம், சப்டைட்டில், கல்லூரியில் வாரம் இரண்டு வகுப்பு, குரல் பதிவு எல்லாம் நாணயமான வேலைகள். என் முதல் எட்டு வருடமும் மொழிபெயர்ப்பில்தான் அடுப்பு எரிந்தது. மாத வருமானத்தில் செய்தியிலிருந்து வருவது பாதிக்கும் கீழே என்றாலும் பரவாயில்லை. செய்தியை யாரும் விலைக்கு வாங்க முடியாத நிலையில் நீங்கள் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

தொடங்கும் முன், சென்னையில் ஆறு மாதம் தங்க ஆகிற பணத்தை ஒதுக்கி வையுங்கள். அங்கே அதில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். இங்கே அதே பணத்தில் ஒரு வருடம் ஓட்டலாம். ஊரில் இருப்பதன் மிகப் பெரிய பொருளாதார லாபம் அந்த ஆறு மாத வித்தியாசம்தான். அதை பைக்குக்கும் போனுக்கும் தவணை கட்டிக் கரைத்துவிடாதீர்கள்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுமாரான கேமரா உள்ள போன், ஒரு காலர் மைக், பவர் பேங்க், நல்ல மழைக்கோட்டு. முதலில் மைக் வாங்குங்கள். படம் மங்கினால் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் தள்ளிவிடுவார்கள்.

ஊர்க் கட்டுரையை வெளியே கொண்டுபோவது

மாவட்டத்திலிருந்து எழுதுகிறவர் செய்யும் பெரிய தவறு, முழுக் கட்டுரையையும் எழுதி முடித்து வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. முதலில் பத்து வரியில் ஒரு முன்மொழிவு அனுப்புங்கள். என்ன நடக்கிறது, ஏன் இப்போது, என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது, எத்தனை நாளில் தருவேன் என்ற நாலும் அதில் இருந்தால் போதும். மாதிரிக்கு ஒன்று:

“ஐயா, வணக்கம். ஆலங்குளம் பகுதியில் பீடி சுற்றும் பெண்களுக்குக் கொடுக்கப்படும் இலை, கணக்குப்படி ஆயிரம் பீடிக்குப் போதவில்லை. குறையும் இலையை அவர்கள் சொந்தக் காசில் வாங்குவதால் கூலி உயர்வு கைக்கு வந்து சேருவதில்லை. கூலி ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதால் இப்போது எழுதுவது பொருத்தம். மூன்று கிராமங்களில் பன்னிரண்டு பெண்களின் இரண்டு மாத பாஸ்புக்கைப் பார்த்திருக்கிறேன், நகல் இருக்கிறது. கடைக்காரர்கள் தரப்பிலும் தொழிலாளர் துறையிலும் பேசுவேன். 1,200 வார்த்தை, எட்டுப் படங்கள், பத்து நாளில் தருகிறேன்.”

இதைப் படிக்கும் ஆசிரியருக்கு இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்க முடியும். மதியம் மூன்று மணிக்கு மேல் அனுப்பாதீர்கள், அவர்கள் பக்கம் முடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு இதழுக்கு அனுப்பிவிடுங்கள், மனம் நோகத் தேவையில்லை. கட்டணம் எவ்வளவு, எப்போது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே அனுப்புவது? தமிழ் வார இதழ்கள், நாளிதழ்களின் இணைப்புகள், இணைய இதழ்கள். கிராமப்புறம் மட்டுமே எழுதும் பாரி என்ற இணையதளத்தைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கினார், அது தமிழிலும் வருகிறது. நீண்ட கள ஆய்வு எழுத விரும்புகிறவர் அதன் கட்டுரைகளைப் படித்தே நிறையக் கற்கலாம். ஆங்கிலத்தில் எழுத வராது என்று பயப்படாதீர்கள். ஆங்கில நிருபர் யாராவது உங்கள் ஊருக்கு வரும்போது வழிகாட்டியாகப் போனால், கட்டுரையில் உங்கள் பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். வண்டிச் செலவும் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். தொடர்புகளைச் சேர்க்க நீங்கள் வருடக்கணக்கில் அலைந்திருக்கிறீர்கள். அதற்கு மதிப்பு உண்டு.

மாணவராக இருக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பியுங்கள். மாவட்டங்களிலிருந்து பல பத்திரிகையாளர்கள் அந்த வாசல் வழியாக வந்திருக்கிறார்கள்.

சொந்தமாகத் தொடங்குவது

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்கென்றே தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி, கடல் நிலவரத்தையும் கடல்வளத்தையும் கரையில் இருந்தே பேசுகிறது. இரண்டும் அந்தந்த ஊரில் அல்லாமல் வேறெங்கும் பிறந்திருக்க முடியாதவை.

யூடியூபில் முழு விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. செய்தி சேனலுக்கு இந்த வருமானத்தை மட்டும் நம்பாதீர்கள். பரபரப்பான தலைப்பு வைக்கக் கை தானாகப் போகும். அச்சு இதழ் என்றால் 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி இணையவழியே விண்ணப்பிக்கலாம். இணையத்தில் செய்தி வெளியிடுகிறவர்களுக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை அறிவித்து, புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். “பிரஸ்” என்று வண்டியில் ஒட்டுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

வீடு எல்லோருக்கும் தெரிந்த ஊரில்

சென்னை நிருபர் எழுதிவிட்டு ரயில் ஏறிவிடுவார். நாம் மறுநாள் அதே கடையில் பால் வாங்க வேண்டும். மணல், கந்துவட்டி, சாதிக் கொலை எழுதும்போது தனியாகப் போகாதீர்கள், யாரிடமாவது சொல்லாமல் போகாதீர்கள். போவதற்கு முன் இருப்பிடத்தை போனில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டுப் போங்கள். எதிர்த்தரப்பிடம் கருத்துக் கேட்டதற்கு எழுத்துச் சான்று வையுங்கள். வாட்ஸ்அப் செய்தி, கேட்ட நேரம், அவர் மறுத்தது எல்லாம் அவதூறு வழக்கு வரும்போது உங்களைக் காப்பாற்றும். சில விஷயங்களை ஊர்ப் பெயரில் எழுத முடியாதபோது, வெளியூர் நண்பரோடு சேர்ந்து எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாதி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் உங்கள் சாதி எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எந்தத் தெருவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். எல்லாத் தெருவிலும் உட்காருங்கள், எல்லா வீட்டிலும் குடியுங்கள்.

பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு தடுக்கிறது. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. ஊரில் இது இன்னும் கடினம். பெயரை மறைத்தாலும் “இந்தத் தெருவில் தையல்கடை வைத்திருப்பவரின் மகள்” என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். தெரு, பள்ளி, உறவு, தொழில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

பெண்களுக்கு இந்த வேலை ஊரில் கூடுதல் கஷ்டம். கடைசிப் பஸ், பிரஸ் கிளப்பில் ஆண்கள் கூட்டம், வீட்டுப் பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் பீடி சுற்றும் திண்ணையிலும் நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையிலும் என்னால் பத்து வருடம் போயும் கேட்க முடியாததை ஒரு பெண் நிருபர் முதல் நாளே கேட்டுவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002-ல் கிராமப் பெண்களே நிருபர்களாகி கபர் லஹரியா என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அங்கேயே முடிந்தது என்றால் நம் மாவட்டங்களில் ஐந்து பெண்கள் சேர்ந்து தொடங்க எந்தத் தடையும் இல்லை.

தேங்கிப்போகாமல் இருக்க

ஊரில் உங்கள் எழுத்தைத் திருத்த ஆள் இருக்காது. அதுதான் உண்மையான இழப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னையோ மதுரையோ போய், நீங்கள் மதிக்கும் ஒரு உதவி ஆசிரியரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். அச்சான உங்கள் கட்டுரையைக் காட்டி எங்கே வெட்டினீர்கள், ஏன் என்று கேளுங்கள். பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் இரண்டு பேரோடு சேர்ந்து வாரம் ஒரு கட்டுரையை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுங்கள். முறையான படிப்பு வேண்டுமென்றால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் மூன்றிலும் இதழியல், தொடர்பியல் துறைகள் உண்டு.

இரண்டு வருடம் முடிந்ததும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் துறை பற்றி வெளியூரிலிருந்து யாராவது போன் செய்தார்களா? பெயரோடு எத்தனை கட்டுரை வந்தது? கடன் ஏறியிருக்கிறதா? திங்கட்கிழமை காலையில் கிளம்ப மனம் வருகிறதா? முதல் இரண்டுக்கும் பதில் மோசமாக இருந்து கடனும் ஏறியிருந்தால், துறையை மாற்றிப் பாருங்கள், ஊரை மாற்றிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் சென்னைக்குப் போங்கள். இரண்டு வருடம் களத்தில் இருந்தவர் என்பதற்கு அங்கே மதிப்பு உண்டு.

கிளம்பும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் நோட்டில் உள்ள பேர்களை, மனு எழுதுகிறவர், ஓய்வுபெற்ற ஓவர்சியர், கிராம சபையில் எழுந்து நிற்பவர், அவர்கள் சம்மதத்தோடு அடுத்து வரும் பிள்ளையிடம் நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். முடிந்தால் அது ஒரு திங்கட்கிழமையாக இருக்கட்டும். எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்.